குருதித் தட்டணுக்கள் கற்பித்த பாடம்



மருத்துவத்தின் நீண்ட வரலாற்றிலே எண்கள் வந்து இடம்பெற்ற காலம் மிகவும் அண்மையது. பழங்கால மருத்துவன் நோயாளியின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலை அறிந்தான். நாடியைப் பற்றி உடல் நிலையை உணர்ந்தான். நாவையும் கண்ணையும் நோக்கி நோயின் போக்கைக் கணித்தான். இன்றோ, விரற்கடையளவு குருதியைப் பொறியிலிட்டால், சிறிது நேரத்திற்குள் ஒரு தாள் நிறைய எண்கள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. அவ்வெண்களுள் மக்களை மிகுதியும் அஞ்சச் செய்வது ஒன்று உண்டு. அதுவே 'பிளேட்லெட்' என்று எல்லோரும் வழங்கும் குருதித் தட்டணுக்களின் எண்ணிக்கை. டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில், "எத்தனை ஆயிரம் இருக்கிறது?" என்று ஒருவரையொருவர் வினவுவதை எந்த மருத்துவமனையின் வாயிலிலும் கேட்கலாம்.

இந்த எண் எப்போது அஞ்சத்தக்கது? எப்போது அஞ்ச வேண்டுவதில்லை? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அவ்வுழைப்பின் வரலாற்றை அறிந்தால், எண்ணைக் கண்டு கலங்குவதற்கு மாறாக, அதனைப் பொருளுணர்ந்து படிக்கும் ஆற்றல் நமக்கு உண்டாகும்.

முதலில் தட்டணு என்பது யாதெனக் காண்போம். நம் குருதியில் செவ்வணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் என மூவகை அணுக்கள் மிதந்து செல்கின்றன. அவற்றுள் தட்டணுவே மிகச் சிறியது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு அல்லது மூன்று கூறுதான் இருக்கும். அதற்கு உட்கரு இல்லை. வாழ்நாளும் ஏழு முதல் பத்து நாட்களே. நலமுற்ற ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். குருதிக் குழாயில் எங்கேனும் கீறல் விழுந்தால், முதலில் ஓடிச் சென்று ஒட்டிக்கொண்டு அத்துளையை அடைப்பவை இவையே. கரையுடைந்த வாய்க்காலில் முதலில் வைக்கோற் பிரியைத் திணித்துப் பின்னர் மண்ணைக் கொட்டுவது போல, தட்டணுக்கள் முதலடைப்பை இடுகின்றன; அதன்மேல் உறைநார் படிந்து அடைப்பை உறுதிப்படுத்துகிறது.

இவை குறைந்தால் வரும் நோயை மனிதர் கண்டது, தட்டணுக்களைக் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரேயாம். செருமானிய நாட்டின் ஹனோவர் நகரில் பால் காட்லீப் வெர்ல்ஹாப் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் 1735ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண்ணின் நோயை விரித்தெழுதினார். அப்பெண் திடமான உடல் வாய்ந்தவள். வெளிப்படையான காரணம் ஏதுமின்றி, திடீரென அவள் மூக்கிலிருந்து குருதி பெருகிற்று. குருதி வாந்தியும் கண்டது. கழுத்திலும் கைகளிலும் கருமையும் ஊதாவுமான புள்ளிகள் தோன்றின. பெரும் கொள்ளை நோய்க் காய்ச்சல்களிலும் இத்தகைய புள்ளிகள் தோன்றுவதுண்டு. ஆயின் இவளுக்கு அத்தகைய காய்ச்சல் இல்லை. எனவே இது தனியொரு நோய் என்று வெர்ல்ஹாப் துணிந்தார். அப்பெண் பின்னர் நலமடைந்தாள். அந்நோய்க்கு அவர் பெயரே நெடுங்காலம் வழங்கி வந்தது. நோயின் தோற்றத்தை அவர் செவ்வனே கண்டார். அதன் காரணத்தைக் காணும் கருவி அவரிடம் இல்லை.

அக்கருவி நுண்பெருக்கியே. அது திருந்திய பின்னும் தட்டணு எளிதில் அகப்படவில்லை. பிரான்சு நாட்டு ஆல்பிரெட் டோனே 1842ஆம் ஆண்டிலும், செருமானியரான மாக்ஸ் ஷுல்ட்சே 1865ஆம் ஆண்டிலும் குருதியிலே மிகச் சிறு துகள்கள் இருப்பதைக் குறித்து வைத்தனர். அவை உயிருள்ள உறுப்புகளா, உடைந்த அணுக்களின் சிதறல்களா என்ற ஐயம் மட்டும் நீங்கவில்லை. பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய வில்லியம் ஆஸ்லர், இளைஞராக இலண்டனில் ஆராய்ந்தபோது ஓர் அரிய உண்மையைக் கண்டு 1874ஆம் ஆண்டில் வெளியிட்டார். குருதிக் குழாய்க்குள் இருக்கும் வரை இத்துகள்கள் தனித்தனியே மிதக்கின்றன. குருதியை வெளியே எடுத்த மாத்திரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடுகின்றன என்பதே அவ்வுண்மை. இதனை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு நாம் திரும்பவும் வரவேண்டியிருக்கும்.

ஐயம் தீர்த்தவர் இத்தாலி நாட்டுத் தூரின் நகரப் பேராசிரியர் ஜூலியோ பிட்சொட்சேரோ ஆவார். எடுத்து வைத்த குருதியைப் பாராமல், ஓடும் குருதியைப் பார்க்க வேண்டும் என்று அவர் எண்ணினார். சிறு விலங்குகளின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்விலுள்ள நுண்குழாய்களில் குருதி ஓடுவதை நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். செவ்வணுக்களுக்கும் வெள்ளணுக்களுக்கும் இடையே தட்டு வடிவான மூன்றாம் வகை அணுக்கள் ஓடுவதைக் கண்டார். பின்னர் அக்குழாயின் சுவரைச் சிறிது காயப்படுத்தினார். காயம்பட்ட இடத்திற்கு முதலில் வந்து ஒட்டியவை அத்தட்டுகளே! 1882ஆம் ஆண்டில் விரிவாக வெளிவந்த அவரது ஆராய்ச்சியே தட்டணுவுக்குப் பெயரையும் தொழிலையும் ஒருங்கே வழங்கியது.

அறிவியலில் உண்மை ஒரே நாளில் முழுமையாக வந்துவிடுவதில்லை. அதே காலத்தில் பாரிசு நகரில் ஜார்ஜ் ஹேயம் என்பார் இத்துகள்களை எண்ணிக் கணக்கிடும் முறையை வகுத்தார். எனினும் இவை வளர்ந்து செவ்வணுக்களாக மாறும் என்று அவர் கருதினார். எண்ணியது சரி, கருதியது பிழை. தட்டணுவின் பிறப்பிடத்தை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். எலும்பு மச்சையிலே பேரணுக்கள் சில உள்ளன. அவற்றின் உடலிலிருந்து பிரிந்து வரும் துணுக்குகளே தட்டணுக்கள் என அவர் நிறுவினார்.

குருதிப் புள்ளி நோயில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன என்பதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலர் கண்டுவிட்டனர். ஆனால் குறைவே குருதிப் பெருக்குக்குக் காரணம் என்பதை எப்படி மெய்ப்பிப்பது? அப்பணியை வில்லியம் டியூக் என்னும் இளம் மருத்துவர் அதே பாஸ்டன் நகரில் செய்தார். அவருடைய முறை மிகவும் எளியது. காதுமடலிலே சிறு கீறல் இடுவார். அரை நிமிடத்திற்கு ஒருமுறை உறிஞ்சுதாளில் குருதியை ஒற்றுவார். தாளில் கறை படியாது நிற்கும் நேரத்தைக் குறிப்பார். நலமுற்றோர்க்கு இரண்டு மூன்று நிமிடங்களில் குருதி நின்றுவிடும். குருதிப் பெருக்கால் உயிருக்குப் போராடிய ஓர் இளைஞனுக்கு அது வெகு நேரமாகியும் நிற்கவில்லை. அவன் குருதியில் தட்டணுக்கள் ஒரு சில ஆயிரமே இருந்தன. வேறொருவரின் குருதியை அவனுக்கு நேரே செலுத்தியபோது தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கு மேல் உயர்ந்தன, குருதியும் நின்றது. சில நாட்கள் சென்று அத்தட்டணுக்கள் அழிந்தபோது மீண்டும் குருதி கசிந்தது. 1910ஆம் ஆண்டில் டியூக் இதனை வெளியிட்டார். தட்டணு ஏறினால் குருதி நிற்கும், இறங்கினால் பெருகும் என்பது ஐயந்திரிபற விளங்கிற்று.

இனி, தட்டணுக்கள் ஏன் குறைகின்றன என்ற வினா எழுந்தது. மச்சையில் உற்பத்தி குன்றியதே காரணம் என்றார் சிலர். உற்பத்தி குன்றவில்லை, உண்டாகும் அணுக்கள் மண்ணீரலில் அழிக்கப்படுகின்றன என்று கருதினார் பிராகு நகரில் மருத்துவ மாணவராயிருந்த பால் கஸ்னெல்சன். அவர் கூறியபடி 1916ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் மண்ணீரலை அறுவையால் நீக்கினர். தட்டணுக்கள் வியக்கத்தக்க அளவில் உயர்ந்தன. ஒரு மாணவரின் நேரிய சிந்தனை, அத்துறையின் போக்கையே திருப்பியதை நீங்கள் உணர்தல் வேண்டும்.

மண்ணீரல் அழிக்கிறதெனின், அழிக்குமாறு தூண்டுவது எது? அமெரிக்காவிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன், ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த் என்னும் இரு மருத்துவர்கள் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். நோயாளியின் குருதியிலேயே தட்டணுக்களைத் தாக்கும் பொருள் ஒன்று இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 1950ஆம் ஆண்டில் ஹாரிங்டன் அத்தகைய நோயாளி ஒருவரின் குருதியைத் தம் உடலிலே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திற்குள் அவருடைய தட்டணுக்கள் பத்தாயிரத்துக்கும் கீழாக வீழ்ந்தன. அவருக்கு வலிப்புக் கண்டது. உடலெங்கும் குருதிப் புள்ளிகள் தோன்றின. நல்லூழாகச் சில நாட்களில் அவர் மீண்டார். நோயாளியின் உடல் தன் தட்டணுக்களையே பகையெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இத்தகைய துணிவை இன்றைய ஆராய்ச்சி நெறிகள் ஒப்புவதில்லை. நீங்களும் அவருடைய அறிவார்வத்தைப் போற்றுங்கள்; செயலைப் பின்பற்றற்க.

ஆக, குறைவுக்கு மூன்று வாயில்கள் உள்ளன எனத் தெளிந்தோம். மச்சையில் உற்பத்தி குன்றலாம். குருதியோட்டத்தில் அழிவு மிகலாம். வீங்கிய மண்ணீரலில் அணுக்கள் தேங்கிவிடலாம். ஒரே எண்ணுக்குப் பின்னால் வெவ்வேறு கதைகள் இருக்கக்கூடும். புற்றுநோய் மருந்தால் மச்சை தளர்ந்தவருக்கு 20,000 என்பதும், எதிர்ப்பொருளால் தட்டணு குன்றிய சிறுவனுக்கு 20,000 என்பதும் ஒன்றல்ல. சிறுவர்களுக்கு, பெரும்பாலும் ஏதேனும் ஒரு நச்சுயிரிக் காய்ச்சலுக்குப் பின் வரும் இந்நோய், மிகப் பலரிடத்தில் ஆறு மாதங்களுக்குள் தானே நீங்கிவிடுகிறது.

எத்தனை ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் ஆபத்து? இதனை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள். வெள்ளணுப் புற்றுநோயாளர்களின் தட்டணுக் கணக்கையும் குருதிக் கசிவையும் ஒப்பிட்டு 1962ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். எண் இறங்க இறங்கக் கசிவு மிகும். இந்த எண்ணுக்கு மேல் பாதுகாப்பு, கீழே பேராபத்து என்று கோடு கிழிக்க இயலாது என்பதே அவர்கள் கண்டது. எனினும் 20,000க்கு மேல் பெருங்கசிவு அரிதாகவே இருந்தது. கோடு இல்லை என்று கூறிய கட்டுரையிலிருந்தே 20,000 என்ற கோட்டை மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழிறங்கிய புற்றுநோயாளர்க்கெல்லாம் தட்டணு ஏற்றலாயிற்று என்பது வரலாற்றின் விந்தை! மேலும், அந்நாளில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் தாராளமாக வழங்கப்பட்டது. அம்மருந்து தட்டணுக்களின் ஒட்டும் ஆற்றலைக் கெடுக்கும் என்பது அப்போது அறியப்படவில்லை. பிற்காலத்தில் இத்தாலியில் நடந்து 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, அத்தகைய நோயாளர்க்கு 10,000 வரை காத்திருப்பதும் அதேயளவு பாதுகாப்பானது என்று காட்டியது.

இவற்றையெல்லாம் தொகுத்து, இன்றைய மருத்துவர் கொள்ளும் பொதுக் கணக்கைக் கூறுவேன். ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பின் குருதிப் பெருக்கு அச்சம் பெரும்பாலும் இல்லை; குறைவுக்குக் காரணம் அறிந்தால் போதும். ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில், அறுவைக்கோ பல் பிடுங்கவோ செல்பவர் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஐம்பதாயிரத்துக்குக் கீழே, சிறு அடியிலும் தோல் கன்றிப்போகும். கபடி முதலிய மோதும் விளையாட்டுகளைத் தவிர்த்தல் நலம். இருபதாயிரத்துக்குக் கீழே, காலந்தாழ்த்தாது மருத்துவர் பார்வையில் இருத்தல் வேண்டும். பத்தாயிரத்துக்குக் கீழே, அடிபடாமலே குருதி கசியும் இடர் பெரிதாகிறது. ஆயினும் முப்பதாயிரத்தை ஒட்டிய எண்ணுடன் மருந்தின்றி அமைதியாக வாழ்வோரும் உளர்.

இந்தப் பொதுக் கணக்குக்கு விலக்குகள் உண்டு. முதலாவது விலக்கு பொய்க் குறைவு. ஆஸ்லர் கண்ட கொத்தினை நினைவு கூருங்கள். ஆய்வுக்காகக் குழாயில் எடுத்த குருதியிலே, உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தின் காரணமாகச் சிலருக்குத் தட்டணுக்கள் கொத்தாகிவிடும். பொறி அக்கொத்தினை எண்ணத் தெரியாமல் குறைவு என்று அச்சிட்டுவிடும். உடலில் ஒரு குறையும் இராது! எனவே எதிர்பாராத குறைவு கண்டால், கண்ணாடிச் சில்லில் குருதியைத் தடவி நுண்பெருக்கியால் நோக்குவதும், வேறு மருந்திட்ட குழாயில் மீண்டும் எண்ணுவதும் முறை.

இரண்டாவது விலக்கு இதற்கு நேர் எதிரானது. நியூயார்க்கு நகர மருத்துவர் எலி மாஷ்கோவிட்ஸ் 1924ஆம் ஆண்டில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் மரணத்தை விவரித்தார். அவளுடைய நுண்குழாய்களில் எங்கும் அடைப்புகள் இருந்தன. தட்டணுக்கள் அவ்வடைப்புகளிலேயே செலவாகிவிடும் இத்தகைய நோயில், எண் மிகத் தாழாதிருப்பினும் உயிருக்கு ஆபத்து உண்டு. தட்டணுக் குறைவோடு அறிவு தடுமாற்றமும், சோகையும், சிறுநீர் கறுத்தலும் சேர்ந்தால் ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. குருதிநீர்மத்தை மாற்றும் சிகிச்சையால் இன்று இந்நோயாளருள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

மூன்றாவதாக நம் நாட்டவர்க்கு மிகவும் வேண்டியது டெங்கு. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் இக்காய்ச்சல் கடுமையாகப் பரவியது. இதில் தட்டணுக்கள் குறைவது இயல்பு; காய்ச்சல் தணியும் நாட்களில் அடிமட்டத்தை எட்டிப் பின் தாமே உயரும். டெங்குவில் பெரிய ஆபத்து, குருதிக் குழாய்களின் சுவர் நெகிழ்ந்து நீர்மம் வெளியே கசிந்து, குருதியழுத்தம் வீழ்வதிலேயே இருக்கிறது. எனவே காய்ச்சல் விட்டதென்று மகிழும் அந்நாளிலேயே விழிப்பு வேண்டும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவை எண்ணைக் காட்டிலும் உரத்துப் பேசும் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

குறைந்த எண்ணைக் கண்டு உறவினர் தட்டணுப் பைகளைத் தேடி ஊரெங்கும் அலைவதைக் காண்கிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், குருதிப் பெருக்கு இல்லாத, ஆனால் 20,000 அளவிலோ அதற்குக் கீழோ இருந்த டெங்கு நோயாளருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றிப் பார்த்தனர். அது குருதிக் கசிவைத் தடுக்கவில்லை. பக்க விளைவுகளே மிகுந்தன. கசிவு கண்டவர்க்குத் தட்டணு உயிர்மருந்தாகலாம். எண்ணை மட்டும் நோக்கி ஏற்றுவதனால் பயன் காணப்படவில்லை. பப்பாளி இலைச்சாறு முதலியவற்றை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவதும் தகாது. டெங்கு என்ற ஐயம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை உட்கொள்ளலாகாது.

டெங்கு அன்றி வேறு எந்நிலையிலும் கவனிக்க வேண்டிய குறிகளும் உள. குண்டூசித் தலையளவான செம்புள்ளிகள், விரலால் அழுத்தினும் மறையாமல், குறிப்பாகக் கால்களில் தோன்றுதல். காரணமின்றித் தோல் கன்றுதல். வாயினுள் குருதிக் கொப்புளம். நிற்காத மூக்குக் குருதி. மாதவிடாயில் வழக்கத்துக்கு மிஞ்சிய பெருக்கு ஆகியவை மருத்துவரிடம் செல்லச் சொல்பவை. மலம் கறுத்தல், கடுந்தலைவலி, மயக்கம், தலையில் அடி ஆகியவை உடனே செல்லச் சொல்பவை.

மாணவர்களே! வெர்ல்ஹாப் நோயாளியைப் பார்த்தார். அவரிடம் எண் இல்லை. நம்மிடம் எண் இருக்கிறது. நாம் நோயாளியைப் பார்க்க மறந்துவிடக் கூடாது. நாளை உங்கள் இல்லத்தில் ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டு, தாளிலே தாழ்ந்த எண் ஒன்று வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குருதிக் கசிவோ வேறு அபாயக் குறியோ உண்டா? குறைவுக்குக் காரணம் யாது? நேற்றைய எண் எவ்வளவு, இன்று ஏறுகிறதா இறங்குகிறதா? இம்மூன்றையும் கேட்டு மருத்துவரிடம் விளக்கம் பெறுங்கள். முதற் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், ஏனைய இரண்டுக்கும் வீட்டிலிருந்து விடை தேட வேண்டா. நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.